காந்தம்மாவின் அரை ஹெர்ட்ஸ்

காந்தம்மாவிடம் போய், "உங்க மிஷின் பழசாயிடுச்சே" என்று ஒருத்தர் சொல்லிப் பார்க்கட்டும், அப்புறம் தெரியும் சேதி. அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் இதுவரை அப்படிச் சொன்னவர்கள் ரெண்டே பேர். ஒருத்தர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இன்னொருத்தர் இன்றைக்கும் அவள் இருக்கிற மூன்றாவது மாடிக்கு வருவதென்றால் ஃபோன் பண்ணிக் கேட்டுக்கொண்டுதான் வருகிறார்.

வீட்டில் வைத்த பெயர் வேறு. பதினாறு வருஷமாக என்.எம்.ஆர். மிஷினோடு மாரடிப்பதால் எல்லோருக்கும் அவள் காந்தம்மா. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற வெள்ளை உருளை, உள்ளே பெரிய காந்தம், அதுதான் மிஷின். யாராவது புதிதாக ஒரு பொருளைச் செய்தால், அதைக் கரைத்து, பென்சிலைவிட ஒல்லியான கண்ணாடி ட்யூபில் ஊற்றி உள்ளே இறக்குவார்கள். பொருளில் இருக்கிற ஹைட்ரஜன் ஒவ்வொன்றும் தான் இருக்கிற இடத்துக்குத் தக்கபடி ஒரு குரல் கொடுக்கும். அந்தக் குரல் திரையில் பீக்காக எழும்பி நிற்கும். பீக் எவ்வளவு ஒல்லியோ அவ்வளவு நல்லது. குண்டாக இருந்தால் பக்கத்தில் நிற்பதோடு ஒட்டிக்கொண்டு ஒன்றா ரெண்டா என்றே தெரியாது. அகலத்தை ஹெர்ட்ஸில் அளப்பார்கள். ஒரு ஹெர்ட்ஸ் வந்தால் மற்றவர்கள் போதும் என்று எழுந்து போய்விடுவார்கள். அரை ஹெர்ட்ஸுக்கு ஒரு இழை கூடினாலும் காந்தம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

இப்படித் தலை நிமிர்ந்து நடக்கிறவளுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு முள் தைத்துக் கிடந்தது. முள்ளுக்குப் பெயர் நாத்தனார். புருஷனின் தங்கை, ஒரே வீட்டில் இருக்கிறவள், அதே கூடத்தில் ரெண்டு மாடி கீழே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ணுகிறவள். நல்ல பெண்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். நாலு வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருத்தர், "உங்க அண்ணியும் விஞ்ஞானியா?" என்று கேட்டதற்கு, "ஐயோ இல்லீங்க, மிஷின்ல பட்டன் அழுத்துறவங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். பரிமாறிக்கொண்டிருந்த காந்தம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. விருந்தாளி மறந்திருப்பார். சொன்னவளும் மறந்திருப்பாள். காந்தம்மா மறக்கிற ஆளா?

அந்த நாத்தனார் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கெட்டி அட்டை போட்ட ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு மிஷின் ரூமுக்குள் வந்தாள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வைவா. வெளியூரிலிருந்து வருகிற தேர்வாளர் எல்லோர் முன்னாலும் அவளை நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்.

"அண்ணி, நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துப் படத்தைப் பெருசா ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்களேன். சுவத்துல மாட்டணும்."

ஆய்வேட்டுக்கு உயிரே அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. அவள் செய்த பொருளில் ஒரு வளையம். அது எந்தப் பக்கம் மூடிக்கொண்டது என்பதுதான் வழக்கு. இவள் சொல்கிற பக்கம் மூடியிருந்தால், அங்கே ஒரு ஹைட்ரஜனுக்குப் பக்கத்து வீட்டில் இன்னொரு ஹைட்ரஜன் குடியிருக்கும். அந்தச் சகவாசத்தில் இதன் பீக் ரெண்டாகப் பிரியும், இடைவெளி ஒரு ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் மேல். மறுபக்கம் மூடியிருந்தால் பக்கத்து வீடு காலி, பீக் ஒற்றை. மற்ற சோதனைகள் எல்லாம் இந்தக் கட்சிக்கும் தலையாட்டின, அந்தக் கட்சிக்கும் தலையாட்டின. தேர்வாளர் மறுபக்கக் கட்சி என்பது ஊருக்கே தெரியும். ஆக, ரெண்டு என்றால் பட்டம். ஒன்று என்றால் நாலு வருஷமும் அம்பேல்.

படத்தில் பீக் ரெண்டாகத்தான் பிரிந்திருந்தது, கத்தரியால் வெட்டின மாதிரி. காந்தம்மா அதைப் பார்க்கவே இல்லை. எந்தப் படத்தைக் கொடுத்தாலும் அவள் கண் முதலில் வலது கோடிக்குத்தான் போகும். அங்கே நிற்பது டி.எம்.எஸ்., எல்லா ட்யூபிலும் அளவுக்காக ஒரு சொட்டு விடுகிற திரவம். அதில் பன்னிரண்டு ஹைட்ரஜன், பன்னிரண்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்று. அதனால் அதற்கு ஒரே பீக். காந்தம் நல்லபடி இருந்தால் காலடியில் ரெண்டு பக்கமும் எறும்பு மாதிரி ரெண்டு குட்டி பீக் தெரியும், அவ்வளவுதான். நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில் அந்த டி.எம்.எஸ்ஸே நடுவில் பிளந்து பல்லை இளித்துக்கொண்டு நின்றது.

"ஏம்மா, எந்த ஊர்ல டி.எம்.எஸ். ரெண்டாப் பிரியுது?"

நாத்தனார் குனிந்து பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"கம்ப்யூட்டர்ல கொஞ்சம் கூர்மையாக்கினேன் அண்ணி."

"கொஞ்சமா? ஒத்தைப் பீக்கு எல்லாத்தையும் கிழிச்சு ரெண்டு ரெண்டா தொங்கவிட்டிருக்கே. இந்தக் கணக்கை நம்பினா, கழுதைக்குக் கூட ரெண்டு தலை முளைச்சிருக்கும். ட்யூப்ல எவ்வளவு ஊத்தினே?"

"ரெண்டு விரக்கடை. பொருள் கொஞ்சூண்டு இருந்துச்சு. நிறைய ஊத்தினா நீர்த்துப் போயிடும்னு..."

இது அந்தக் கூடத்தில் எல்லோரும் செய்கிற திருட்டுத்தனம்தான். பொருள் கொஞ்சமாக இருந்தால் கரைப்பானையும் குறைத்து ஊற்றுவார்கள், குரல் சத்தமாகக் கேட்கட்டும் என்று. ஆனால் கரைசல் குட்டையாக நின்றால் அதன் மேல்விளிம்பும் அடிவிளிம்பும் காந்தத்தின் நடுவுக்கு வந்துவிடும். பிறகு எத்தனை சரிசெய்தாலும் ஒவ்வொரு பீக்கின் தோளிலும் ஒரு கூன் விழும். இவள் அந்தக் கூனைப் பிடித்து இழுத்து இழுத்து ரெண்டாவது பீக் ஆக்கியிருக்கிறாள். வேண்டுமென்று செய்யவில்லை. ரெண்டு வரவேண்டும் என்கிற ஆசை, ரெண்டாகத் தெரிந்ததும் கண்ணை மறைத்துவிட்டது.

"ஆய்வேடு தேர்வாளர் கைக்குப் போயாச்சு அண்ணி. அவரும் டி.எம்.எஸ்ஸைத்தான் முதல்ல பார்ப்பாரா?"

"நாப்பது வருஷம் இதே தொழில்ல இருக்கிறவர் வேற எதைம்மா பார்ப்பாரு?"

நாத்தனாரின் கண் நிறைந்துவிட்டது. "மிச்சம் நாலு மில்லிகிராம்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஆய்வேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாலு வருஷமாகக் காத்திருந்த சந்தர்ப்பம். பட்டன் அழுத்துகிறவள் ஒரே பார்வையில் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டாள். உச்சி குளிர்ந்திருக்க வேண்டும் இல்லையா? ஒரு ரெண்டு நிமிஷம் குளிர்ந்தது, பொய் சொல்வானேன். பிறகு அந்தக் கோப்பின் பழைய அளவுகளைக் கணினியில் திறந்து பார்த்தாள்.

மிஷின் அந்த ஹைட்ரஜனின் குரலை ஒரே ஒரு நொடிதான் கேட்டிருந்தது. ஒரு நொடி கேட்டால் ஒரு ஹெர்ட்ஸ் இடைவெளியைப் பிரித்தறிய முடியாது. பக்கத்துப் பக்கத்துச் சுருதி ரெண்டை நிறுத்தி நிதானமாகக் கேட்டால்தானே வித்தியாசம் தெரியும்? கொஞ்சம் பேசவிட்டுப் பாதியில் கதவைச் சாத்தின கதை. சாத்தினது யார்? மூன்று வருஷத்துக்கு முன்னால் ட்யூபும் கையுமாக வரிசை படிக்கட்டு வரை நின்றபோது, "சீக்கிரம் சீக்கிரம்" என்று எல்லோரும் உயிரை வாங்கினபோது, நாலு நொடியாக இருந்ததை ஒன்றாகக் குறைத்து, அதையே எல்லோருக்கும் பொது அளவு என்று வைத்தவள் சாட்சாத் காந்தம்மாதான். வரிசை குறைந்த பிறகு திருப்பி வைக்க மறந்துபோனாள். காந்தத்தைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள், கதவு சாத்துகிற நேரத்தைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. எதிரே அவள் புருஷன். நகரப் பேருந்து ஓட்டுகிறவர், எதற்கும் பதறாத மனுஷன்.

"என்ன, இன்னிக்கு அரை ஹெர்ட்ஸ் தாண்டிடுச்சா?"

"என் தப்புங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினாள். "நான் சொல்லாம விட்டா யாருக்கும் தெரியாது. அவ குட்டையா ஊத்தினதுதான் காரணம்னு போயிடும்."

"உனக்குத் தெரியுமே. நீ வேற, தட்டையே பார்த்துட்டு உக்காந்திருக்கே. போய்ச் சொல்லிட்டு வா, நான் சூடு பண்ணி வைக்கிறேன்."

நாத்தனாரின் அறைக்கதவைத் தட்டி, நின்றபடியே ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவளா, அழுது வீங்கின முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தவள், கடைசியில் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"மூணு வருஷமா என் பொருள் வாயைத் திறந்ததும் உங்க மிஷின் எழுந்து போயிருக்கு, அப்படித்தானே?"

"சிரிக்காதே. நாளைக்கு அதை உக்கார வெச்சுக் கடைசி வரைக்கும் கேக்க வைக்கிறேன். ஆனா ஒண்ணு. நல்லாக் கேட்டும் அது ஒத்தையாத்தான் நின்னா என்ன பண்ணுவே?"

சிரிப்பு நின்றது. "ஒத்தைன்னு சொல்லுவேன் அண்ணி."

அந்தப் பதிலைக் கேட்டதும் காந்தம்மாவுக்கு முள் பாதி கழன்ற மாதிரி இருந்தது. இவளுக்காக உயிரைக் கொடுத்து வேலை பார்க்கலாம் என்று தோன்றியது.

புதன்கிழமை காலை, காந்தம் இழுத்துவிடுமே என்று, காந்தம்மாவின் கொண்டை ஊசி, சாவி, கடிகாரம் எல்லாம் வெளி மேஜையில் கழன்று விழுந்தன. நாலு மில்லிகிராமையும் கரைத்து, பஞ்சு அடைத்த கண்ணாடிக் குழாய் வழியாக வடிகட்டினாள். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி போதும், பீக் ஊதிப்போக. கரைப்பானைக் கணக்காக நாலு விரக்கடை நிற்கும்படி ஊற்றினாள். பக்கத்தில் நின்ற நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவு நீர்த்துட்டா குரல் கேக்குமா அண்ணி?"

"குரல் சின்னதா இருந்தா நிறையத் தடவை கேட்டுக்கலாம். குழறலா இருந்தா நூறு தடவை கேட்டும் குழறல்தான்."

பிறகு நைட்ரஜன் வாயுவைக் கரைசலுக்குள் மெதுவாகக் குமிழ்விட்டாள். காற்றிலிருந்து கரைந்து உள்ளே உட்கார்ந்திருக்கிற ஆக்சிஜன் தானே ஒரு குட்டிக் காந்தம், சும்மா இருக்காது, பீக்கை எல்லாம் பருக்கவைக்கும். குமிழியில் கரைப்பானும் கொஞ்சம் பறக்கும், டி.எம்.எஸ். சொல்லாமல் கொள்ளாமல் முழுக்கப் பறந்துவிடும். அது தெரியாமல் முன்னாலேயே சொட்டு விட்டுவிட்டு, பிறகு காணோம் காணோம் என்று தேடுகிறவர்கள் உண்டு. காந்தம்மா குறைந்ததை நிரப்பி, டி.எம்.எஸ். சொட்டைக் கடைசியில் விட்டு, மூடியை அழுத்தி, ட்யூபை உள்ளே இறக்கினாள். சூடும் குளிரும் சமமாகட்டும் என்று இருபது நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இப்ப என்ன அண்ணி?"

"இப்பத்தான் லிப்ட்டை நிறுத்தணும்."

மிஷின் ரூமுக்கு அடுத்த சுவர் லிப்ட். அந்த இரும்புப் பெட்டி ஏறி இறங்குகிற ஒவ்வொரு தடவையும் காந்தம் ஒரு இழை அசையும். அவசரப் படத்துக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை, இன்றைக்குப் பொருட்டு. காவலாளியிடம் சொல்லி ஒரு மணி நேரத்துக்கு நிறுத்திவிட்டு வந்து, காந்தத்தைச் சீராக்க உட்கார்ந்தாள். இந்த வேலைக்கு ஷிம் என்று பெயர். காந்தத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் கம்பிச் சுருள்கள் இருபத்தெட்டு. ஒவ்வொன்றிலும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து, ட்யூபின் மேலிருந்து கீழ்வரை காந்த பலம் ஒரே மாதிரி ஆகும்படி செய்ய வேண்டும். மெத்தையில் விரிப்பு போடுகிற மாதிரிதான், இந்த மூலையை இழுத்தால் அந்த மூலையில் சுருக்கம் விழும். கணினியே தானாகச் செய்துகொடுக்கும், சுமாராக. காந்தம்மாவுக்குச் சுமார் என்கிற வார்த்தையே ஆகாது. திரையில் ஓர் எண், சீராகச் சீராக ஏறும். கணினி ஐந்நூற்றுத் தொண்ணூறில் விட்டதை அவள் விரலால் அறுநூறு, அறுநூற்றுப் பத்து என்று ஏற்றினாள். ஒன்றை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு இன்னொன்றைத் திருத்தி, அறுநூற்று நாற்பதுக்குக் கொண்டுபோனாள். ட்யூபைச் சுழலவிட்டுக் குறையை மறைக்கிற வேலையும் கிடையாது. ட்யூப் அசையாமல் நின்றது.

அப்போது படிக்கட்டில் யாரோ மூச்சு வாங்குகிற சத்தம். வழுக்கைத் தலையும் கைப்பெட்டியுமாகப் பெரியவர் ஒருத்தர் வாசலில் நின்றார்.

"ஏம்மா, லிப்ட் ரிப்பேரா?"

"இல்ல சார், வேலை நடக்குது. ஒரு மணி நேரம் ஓடாது."

"நான் நாலாவது மாடிக்குப் போகணுமே."

"இன்னும் ஒரே மாடிதான் சார், மெதுவாப் போங்க. உடம்புக்கு நல்லது."

அவர் முறைத்துவிட்டு ஏறினார். திரும்பிப் பார்த்தால் நாத்தனார் மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ தேடுவது மாதிரி ஒளிந்துகொண்டிருக்கிறாள்.

"அண்ணி! அவர்தான் தேர்வாளர்!"

"அடக் கடவுளே," என்றாள் காந்தம்மா. விரல் மட்டும் திருகுக் குமிழை விட்டு நகரவில்லை.

கேட்கிற நேரம் பன்னிரண்டு நொடி. அறுபத்து நாலு தடவை. நாத்தனார் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் காந்தம்மா, கூர்மையாக்குவது கீர்மையாக்குவது எதுவும் இல்லாமல், வந்ததை வந்தபடி திரையில் போட்டாள். முதலில் வலது கோடி. டி.எம்.எஸ். கம்பி மாதிரி ஒற்றையாக நின்றது, காலடியில் ரெண்டு எறும்பும் துல்லியமாக. அகலம் புள்ளி மூன்று எட்டு. அரை ஹெர்ட்ஸ்கூட இல்லை.

"இப்ப உன்னுது," என்று படத்தை நகர்த்தினாள்.

ரெண்டு. பக்கத்தில் பக்கத்தில், சம உயரத்தில், நடுவில் ஒரு பள்ளம். இடைவெளி ஒன்று புள்ளி ஒன்று.

நாத்தனார் கத்தின கத்தலில் காவலாளி ஓடி வந்துவிட்டார். காந்தம்மா அவரைப் பார்த்து, "லிப்ட்டைப் போட்டுக்கங்க" என்றாள். பிறகு வெளி மேஜைக்குப் போய்க் கொண்டை ஊசியை எடுத்துச் செருகிக்கொண்டாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அரங்கில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். முன்வரிசையில் நேற்றைய வழுக்கைத் தலை. நாத்தனார் முதல் படமாகவே நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தைப் போட்டாள்.

"இந்தப் படம் தப்பு. டி.எம்.எஸ்ஸைப் பாருங்க, அதுவும் பிரிஞ்சிருக்கு. கரைசல் குறைவா ஊத்தி, அதனால வந்த கோணலைக் கணக்குப் போட்டு இழுத்து நான்தான் இப்படிப் பண்ணினேன். நேத்து மறுபடி எடுத்த படம் இது."

அரங்கில் சலசலப்பு. தேர்வாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து திரைக்கு அருகில் போனார். காந்தம்மா நினைத்தது சரி, அவருடைய விரல் நேராக வலது கோடிக்குத்தான் போனது. அந்த ரெண்டு எறும்பையும் தொட்டுப் பார்த்தது. வெகுநேரம் கழித்துத்தான் நடுவுக்கு வந்தது.

"நேத்து லிப்ட் ஏன் நின்னுச்சுன்னு இப்பத்தான் புரியுது," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நான் இத்தனை நாள் மறுபக்கம்னு எழுதிட்டிருந்தேன். இது ரெண்டுதான். சந்தேகமே இல்ல. ஆனா ஒரு கேள்வி. இது மூணு வருஷமா ஏன் தெரியல? உங்க பழைய படத்துல ஒண்ணுலகூட இல்லையே?"

நாத்தனார் கடைசி வரிசைப் பக்கம் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டாள். "அது... அளவுகள் சரியா அமையல சார்" என்று இழுத்தாள்.

காந்தம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"அமையாம என்ன சார், நான்தான் தப்பா வெச்சேன். கேக்கிற நேரத்தை ஒரு நொடின்னு குறைச்சது நான். வரிசையைக் குறைக்கப் பார்த்து, இந்தப் பொண்ணோட மூணு வருஷத்தைக் குறைச்சுட்டேன்."

தேர்வாளர் திரும்பினார். "நீங்க?"

நாலு வருஷமாக நாக்கு நுனியில் வைத்திருந்த வார்த்தை. "மிஷின்ல பட்டன் அழுத்துறவ சார்."

நாத்தனாரின் முகம் குப்பென்று சிவந்தது. கையிலிருந்த குச்சியை மேஜைமேல் வைத்தாள்.

"அவங்க எங்க அண்ணி சார்," என்றாள். குரல் உடைந்துவிட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. "பொருளைச் செஞ்சது நான். அதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. பிரிச்சுக் காட்டினது அவங்கதான். நான் அவங்களைப் பத்தி ஒரு தடவை தப்பாச் சொல்லிட்டேன், இங்க எல்லார் முன்னாலயும் அதைத் திருத்திக்கிறேன். இந்தக் கட்டடத்துல அவங்களைவிடப் பெரிய விஞ்ஞானி யாரும் கிடையாது."

தேர்வாளர் கடைசி வரிசையைப் பார்த்துக் கைகூப்பினார். காந்தம்மா உட்கார மறந்து நின்றுகொண்டே இருந்தாள். நெஞ்சு விம்மி, கண்ணில் எல்லாம் மங்கிப்போய், திரையில் இருந்த ரெண்டு பீக்கும் அவளுக்கு ஒன்றாகத் தெரிந்தது.

பட்டம் கிடைத்தது. திருத்திய ஆய்வேட்டில் நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம் மட்டும் புதிது. மற்றவர்கள் மிஷின் பெயரை மட்டும் போடுகிற இடத்தில், காந்தத்தைச் சீராக்கியவர் என்று போட்டு, காந்தம்மாவுக்கு வீட்டில் வைத்த பெயர் முழுசாக அச்சாகியிருந்தது. கேட்கிற நேரத்தை அவள் அன்றைக்கே எல்லோருக்கும் நாலு நொடியாக மாற்றிவிட்டாள். வரிசை மறுபடி படிக்கட்டு வரை நிற்கிறது, யாரும் வாயைத் திறப்பதில்லை.

வைவா அன்று சாயங்காலம் அவள் புருஷன் பேருந்தை விட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வந்தபோது, அண்ணியும் நாத்தனாரும் ஒரே பேச்சும் சிரிப்புமாகப் பாத்திரத்தைக் காலி பண்ணியிருந்தார்கள். அவருக்கு மறுபடி உலை வைக்க வேண்டியதாயிற்று.